சிங்கப்பூர் – நியூயார்க்: உண்மையில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு நேரடி விமானத்தில் டிக்கெட் போட்டிருக்கிறீர்கள். தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் தூரம் 15,349 கி.மீ. என்கிறது. இன்னோரிடத்தில் 16,700 கி.மீ., வேறோரிடத்தில் வெறும் 8,288. விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போனால் 17 மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். டிக்கெட்டிலோ 18 மணி 40 நிமிடம் என்று போட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, போகும்போது பசிபிக் வழியாகவும் வரும்போது அட்லாண்டிக் வழியாகவும் கொண்டுவருவார்கள் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இதில் எதை நம்புவது?

எல்லாவற்றையும் நம்பலாம், நண்பர் சொன்னது உட்பட. ஒவ்வொரு எண்ணும் வேறு வேறு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். இத்தனைக்கும் உலகில் இந்த விஷயத்தை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல ஜோடி விமான நிலையங்கள் கிடைப்பது கஷ்டம். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் 15,349. இது பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரம். பெருவட்டத் தூரம் என்பார்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 1.36 டிகிரியில், கிழக்கு தீர்க்கரேகை 103.99 டிகிரியில் இருக்கிறது. ஜே.எஃப்.கே. வடக்கு 40.64, மேற்கு 73.78. தீர்க்கரேகை இரண்டையும் கூட்டினால் 177.77 டிகிரி. அதாவது இரண்டு ஊரும் பூமியின் ஏறக்குறைய நேர் எதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. இப்படி இருந்தால் குறுக்கு வழி கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. நேரே வடக்கே ஏறி, வட துருவத்துக்குப் பக்கத்தில் போய், அந்தப் பக்கம் இறங்கும். சாங்கியிலிருந்து இந்தக் கோட்டை வரைந்தால் தாய்லாந்து வளைகுடா, இந்தோசீனா, சீனா, சைபீரியா, ஆர்க்டிக் கடல், கனடா என்று போகும். துருவத்திலிருந்து வெறும் 280 கி.மீ. தள்ளித்தான் கடக்கும். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் இது பிடிபடவே படாது. அதில் துருவம் ஒரு புள்ளியாக இல்லாமல் மேல் விளிம்பு முழுக்க நீண்டு கிடக்கும்.

இதில் ஒரு வசதி உண்டு. மற்ற ஊர்களுக்கு இந்தத் தூரத்தைக் கணக்கிட சைன், கொசைன் எல்லாம் வேண்டும். இங்கே பேப்பரும் பேனாவும் போதும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 90 – 1.36 = 88.64 டிகிரி. துருவத்திலிருந்து ஜே.எஃப்.கே.வுக்கு 90 – 40.64 = 49.36. மொத்தம் 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் என்பது பழைய மாலுமிக் கணக்கு. 138 × 60 = 8,280 கடல் மைல். நீங்கள் பார்த்த 8,288 என்ற எண் இதுதான். கணக்கில் வந்த 8 மைல் வித்தியாசம் பூமி சுத்தமான உருண்டையாக இல்லாததாலும், பாதை துருவத்தை நூல் பிடித்தாற்போல் தொடாததாலும் வருவது. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், 15,349 வந்துவிடும். தரை மைலில் சொன்னால் 9,537. பல தளங்கள் வெறுமனே ‘மைல்’ என்று போட்டுவிட்டு எந்த மைல் என்று சொல்லாமல் விடுவதால்தான் பாதிக் குழப்பம்.

இன்னொரு வேடிக்கையும் இதிலிருந்தே வருகிறது. நியூயார்க்குக்குப் பக்கத்து நியூவர்க் விமான நிலையத்துக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நேரடி விமானம் விடுகிறது. நியூவர்க்கும் ஜே.எஃப்.கே.வும் ஒன்றுக்கொன்று 30 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கின்றன. ஆனால் சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 5 கி.மீ. மட்டும்தான். நியூவர்க் 15,344. வடக்கிலிருந்து இறங்கி வரும் பாதைக்கு ஊர் கிழக்கே இருந்தால் என்ன, மேற்கே இருந்தால் என்ன? எவ்வளவு தெற்கே இருக்கிறது என்பது மட்டும்தான் கணக்கு. நியூவர்க் இம்மியளவு வடக்கே இருக்கிறது, அந்த 5 கி.மீ. அதற்கானது.

சரி, அப்படியானால் விமானம் துருவம் வழியாகத்தான் போகிறதா? கிட்டத்தட்ட ஒருநாளும் இல்லை. இங்கேதான் 16,700 வருகிறது. 2018-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூவர்க் சேவையை மறுபடி தொடங்கியபோது தூரம் சுமார் 16,700 கி.மீ. என்றும், பயண நேரம் 18 மணி 45 நிமிடம் வரை ஆகும் என்றும் அறிவித்தது. வரைபடத் தூரத்தைவிட 1,350 கி.மீ. கூடுதல். சென்னையிலிருந்து கொல்கத்தா போகிற தூரம் அது. இவ்வளவு சுற்றிப் போக நிறுவனத்துக்கு என்ன தலைவிதி?

துருவப் பாதையில் சங்கடங்கள் பல. கோடு சீனாவின் மேற்கு மலைப் பகுதியை ஒட்டிப் போகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும், அங்கே மலையே அதைவிட உயரம். அதற்கப்புறம் ரஷ்ய வான்வெளி. 2022-லிருந்து அந்த வழி பல நிறுவனங்களுக்கு இல்லாத வழி. துருவத்தை நெருங்கினால் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்கள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும், பழைய நெடுந்தூர ரேடியோவையோ துருவத்துக்கு மேலேயும் சுற்றும் வேறு வகைச் செயற்கைக்கோள்களையோதான் நம்ப வேண்டும். எரிபொருள் குளிர்வது இன்னொரு கவலை. உலகின் பல நாடுகளில் போடும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. அமெரிக்காவில் போடும் ஜெட் ஏ மைனஸ் 40-லேயே உறையத் தொடங்கும். துருவ வானில் வெளிவெப்பம் மைனஸ் 65-க்கும் கீழே போவதுண்டு. இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் உடனே அந்த அளவுக்குக் குளிராது என்றாலும், மணிக்கணக்கில் அந்தக் குளிரில் பறக்கும்போது விமானி அதன் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இவை எல்லாம் சமாளிக்கக்கூடியவைதான். துருவப் பாதையில் தினமும் போகும் விமானங்கள் உலகில் உண்டு. இந்த வழித்தடத்தில் அதை விட்டுவிடுவதற்கு முக்கியக் காரணம் வேறு: பக்கத்திலேயே இலவசமாக ஒரு தள்ளுவிசை கிடைக்கிறது.

வட அரைக்கோளத்தில் ஏறத்தாழ 30-லிருந்து 60 டிகிரி வரையிலான அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் 10, 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ. சாதாரணம், ஜப்பானுக்கு மேலே 300-ஐத் தாண்டுவதும் உண்டு. உலகிலேயே இது வலுவாக வீசும் இடங்களில் ஒன்று ஜப்பான் வானம். அங்கேயே இதை முதலில் அளந்ததும் பொருத்தம்தான். வாசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர் 1920-களில் பலூன்களை விட்டு அளந்து, முடிவுகளை உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று நினைத்துத்தான் அந்த மொழியைத் தேர்ந்தெடுத்தார், பாவம், வெளியே யாரும் கண்டுகொள்ளவில்லை. 1944-ல் ஜப்பான் மேல் உயரத்தில் பறந்து குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கித் தடுமாறிய பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

இப்போது சிங்கப்பூர்–நியூயார்க்கை மறுபடி பாருங்கள். ஊர்கள் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் கிழக்கே சுற்றினாலும் மேற்கே சுற்றினாலும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். டோக்கியோவைத் தொட்டுப் போவதாக வைத்துக்கொண்டால், சிங்கப்பூர்–டோக்கியோ சுமார் 5,350 கி.மீ., டோக்கியோ–நியூயார்க் சுமார் 10,850. கூட்டினால் 16,200. லண்டனைத் தொட்டுப் போனால் சிங்கப்பூர்–லண்டன் சுமார் 10,900, லண்டன்–நியூயார்க் 5,550. கூட்டினால் 16,450. பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் எந்தப் பக்கம் சுற்றுவது? காற்று போகும் பக்கம். காற்று எப்போதும் கிழக்கே போகிறது. எனவே சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானமும் கிழக்கே போகும், நியூயார்க்கிலிருந்து கிளம்பும் விமானமும் கிழக்கே போகும்.

நண்பர் சொன்னது இதைத்தான். போகும்போது பெரும்பாலான நாட்களில் தென்சீனக் கடல், பிலிப்பைன்ஸ், ஜப்பானுக்குத் தென்கிழக்கே கடல், வட பசிபிக், அப்புறம் அலாஸ்காவின் தெற்குப் பக்கமோ கனடாவின் மேற்குக் கரையோ, அங்கிருந்து நியூயார்க். திரும்பும்போது வட அட்லாண்டிக், ஐரோப்பா, கருங்கடல் பக்கம், காஸ்பியன், மத்திய ஆசியா, இந்தியத் துணைக்கண்டம், வங்காள விரிகுடா, சிங்கப்பூர். போய்த் திரும்பினால் நீங்கள் பூமியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருப்பீர்கள். ஊரில் இருந்தவர்களைவிட ஒரு சூரிய உதயம் அதிகமாகப் பார்த்திருப்பீர்கள். காலண்டரில் அது தெரியாது, பசிபிக் நடுவே தேதிக் கோட்டைத் தாண்டும்போது அந்த நாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ரிட்டர்ன் டிக்கெட் வாங்கினால் உலகத்தைச் சுற்றி வரலாம் என்று எந்த விளம்பரத்திலும் ஏன் போடவில்லை என்று எனக்கு ஆச்சரியம்தான்.

இனி நேரக் கணக்கு. விமானத்தின் வேகம் என்று நாம் சொல்வது காற்றுக்குள் அது போகும் வேகம். இந்த வழித்தடத்தில் ஓடும் ஏர்பஸ் ஏ350 விமானம் சாதாரணமாக மாக் 0.85-ல் பறக்கும், அதாவது ஒலியின் வேகத்தில் 85 சதவீதம். அந்த உயரத்தில் மைனஸ் 56 டிகிரிக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,062 கி.மீ. அதில் 85 சதவீதம் 903. ஆற்றோட்டத்தில் விட்ட படகுக்குத் துடுப்பு வேகத்தோடு ஆற்றின் வேகமும் சேர்வதுபோல, தரையைப் பொறுத்த வேகத்துக்கு இந்த 903-ஓடு காற்றின் வேகத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் ஜப்பானைத் தாண்டியதும் மணிக்கு 1,100 கி.மீ. என்று காட்டினால் பதறாதீர்கள். ஒலியை மிஞ்சிவிடவில்லை. விமானத்துக்கு அது அதே 903தான். மீதி 200 காற்றுடையது.

துருவ வழியில் 15,349 கி.மீ.யை 903-ஆல் வகுத்தால் 17 மணி நேரம், காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால். அதே 17 மணி நேரத்தில் 16,700 கி.மீ. போக வேண்டுமானால் தரை வேகம் 982 வேண்டும். அதாவது வழி முழுக்கச் சராசரியாக மணிக்கு 80 கி.மீ. பின்காற்று இருந்தால் 1,350 கி.மீ. சுற்று சுற்றே இல்லை. வழி முழுக்க என்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூரிலிருந்து முதல் சில மணி நேரம் வெப்பமண்டல வானம், அங்கே ஜெட் ஸ்ட்ரீம் கிடையாது. அந்தக் குறையைப் பின்னால் வரும் பலத்த காற்று ஈடு செய்ய வேண்டும். சில நாள் செய்யும், சில நாள் செய்யாது.

விமானப் பயணத் திட்டம் போடும் அறையில் இருப்பவர்கள் அதனால் தரைத் தூரத்தைவிட காற்றுத் தூரத்தைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். தரையில் 16,700 கி.மீ. கடந்த விமானம் 17 மணி 30 நிமிடம் பறந்தது என்று வையுங்கள். 903 வேகத்தில் அவ்வளவு நேரம் பறந்தால் காற்றுக்குள் அது கடந்தது சுமார் 15,800 கி.மீ.தான். மீதி 900-ஐக் காற்று தூக்கிக்கொண்டு வந்து விட்டிருக்கிறது. எரிபொருள் செலவு அந்த 15,800-க்குத்தான். விமானி கையில் கொடுக்கும் ஃப்ளைட் பிளானைப் பார்த்தால் பாதையின் ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே ‘பி 045’, ‘எம் 012’ என்பது மாதிரிக் குறிப்புகள் வரிசையாக இருக்கும். பி என்றால் பின்காற்று, எம் என்றால் எதிர்காற்று, எண் மணிக்கு எத்தனை கடல் மைல் என்பது. படிக்கத் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரிசையே அன்றைய பயணத்தின் ஜாதகம். முதலில் சின்னச் சின்ன எண்கள், கூடவே ஒன்றிரண்டு எம். தைவான் அட்சரேகையைத் தாண்டியதும் பி 060, பி 095, பி 120 என்று ஏறும். பசிபிக்கின் கிழக்குப் பாதியில் மறுபடி தணியும்.

இந்தப் பாதை நாளுக்கு நாள் மாறும். ஜெட் ஸ்ட்ரீம் இன்று இருந்த இடத்தில் நாளை இருக்காது. வளையும், கிளை பிரியும், குளிர்காலத்தில் தெற்கே இறங்கி வலுக்கும், கோடையில் வடக்கே ஏறி இளைக்கும். வட அட்லாண்டிக்குக்கும் பசிபிக்குக்கும் தினசரி காற்றைப் பார்த்துப் புதிதாகப் பாதைகள் வரைகிறார்கள். அதனால் ‘இந்த விமானம் எந்த வழியாகப் போகும்’ என்பதற்கு முந்தைய வாரத்து வரைபடத்தைக் காட்டிப் பதில் சொல்வதில் அர்த்தமில்லை. கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்னால்தான் முடிவாகும்.

இப்போது உங்கள் 18 மணி 40 நிமிடம். டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் அல்ல. வாசலிலிருந்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, அந்தப் பக்கம் வாசலில் நிற்பது வரை உள்ள மொத்த நேரம். சாங்கியில் ரன்வேக்குப் போக ஒரு கால் மணி நேரம் பிடிக்கும். ஜே.எஃப்.கே.யில் அது நாளின் நேரத்தைப் பொறுத்தது. மாலையில் எல்லாத் திசைக்கும் விமானங்கள் கிளம்பும் வேளையில் வரிசையில் நிற்பது சர்வ சாதாரணம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, நேர்கோட்டில் போகாமல் சுற்றி வரிசைப்படுத்துவார்கள். இதற்கெல்லாம் மேலே நிறுவனம் கொஞ்சம் தாராளமாகவே நேரத்தைப் போடும், காற்று குறைந்த நாளிலும் ‘சரியான நேரத்தில் வந்தது’ என்று பெயர் வாங்க வேண்டுமே. 2018 அக்டோபர் 11-ல் கிளம்பிய முதல் ஏ350 விமானம் நியூவர்க்குக்கு 17 மணி 52 நிமிடத்தில் போய்ச் சேர்ந்து, அட்டவணைக்கு அரை மணி நேரம் முன்னால் இறங்கியது. அதைச் சாதனை என்று சொல்ல மாட்டேன். பசிபிக்கில் நல்ல காற்று உள்ள நாட்களில் அப்படித்தான் நடக்கும்.

இவ்வளவு தூரத்தை நிற்காமல் பறப்பது பற்றி ஒரு வார்த்தை. இது முதல் முயற்சி அல்ல. 2004 ஜூனில் இதே நிறுவனம் நான்கு எஞ்சின் உள்ள ஏ340-500 விமானத்தை வைத்து நியூவர்க்குக்கு நேரடிச் சேவை தொடங்கியது. முதலில் 181 இருக்கைகள், 2008-லிருந்து பிசினஸ் வகுப்பு மட்டும், வெறும் 100 பேர். எரிபொருள் விலை ஏற ஏற அது கட்டுபடியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து இரண்டே எஞ்சின் உள்ள ஏ350-900 யு.எல்.ஆர். (அல்ட்ரா லாங் ரேஞ்ச், அதாவது மிக நெடுந்தூர ரகம்) வந்த பிறகுதான் மறுபடி சாத்தியமானது. ஜே.எஃப்.கே. சேவை 2020 நவம்பரில் சேர்ந்தது.

இந்த யு.எல்.ஆர். ரகத்தில் புதிதாகத் தனி டாங்க் எதுவும் வைக்கவில்லை. இருக்கிற டாங்கிலேயே குழாய்களை மாற்றியமைத்து, 1,41,000 லிட்டர் கொள்ளளவை 1,65,000 ஆக்கினார்கள். நிரப்பினால் சுமார் 132 டன். விமானம் தரையிலிருந்து எழும்பும்போது அதிகபட்சம் 280 டன் இருக்கலாம். ஏறக்குறைய பாதி எடை எரிபொருள்தான்! முதல் சில மணி நேரம் விமானம் எரிபொருளைச் சுமப்பதற்காகவே எரிபொருளை எரிக்கிறது. கனத்தோடு உயரமாகவும் ஏற முடியாது. 31,000, 33,000 அடியில் தொடங்கி, எரிந்து குறையக் குறையப் படிப்படியாக ஏறி, கடைசியில் 40,000 அடிப் பக்கம் பறக்கும். இருக்கைகள் 161 மட்டுமே இருப்பதற்கும் இதுதான் காரணம். 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி கிடையவே கிடையாது. டிக்கெட் விலை பார்த்துத் திகைத்தவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடுவே ஒரு நிறுத்தம் இருந்தால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று பார்க்க வேண்டுமானால் இதே நிறுவனத்தின் ஃபிராங்க்ஃபர்ட் வழி விமானம் இருக்கிறது. சிங்கப்பூர்–ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,300 கி.மீ., ஃபிராங்க்ஃபர்ட்–நியூயார்க் 6,200. மொத்தம் 16,500. பசிபிக் வழி நேரடி விமானம் ஓடுவதைவிடத் தூரம் சற்றுக் குறைவே! ஆனால் நேரம் 24 மணியை ஒட்டிப் போகும். நடுவில் தரையில் நிற்கும் நேரம் ஒரு பகுதி, மேற்கு நோக்கிப் போவதால் முகத்தில் அடிக்கும் காற்று இன்னொரு பகுதி. தூரத்தை மட்டும் வைத்து நேரத்தை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து கிளம்பி சிங்கப்பூரில் மாறி நியூயார்க் போகலாமா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னை–நியூயார்க் பெருவட்டத் தூரம் சுமார் 13,500 கி.மீ. துபாய் வழியாகப் போனால் 14,000-க்குள் முடியும். சிங்கப்பூர் வழியாக என்றால் முதலில் 2,900 கி.மீ. தென்கிழக்கே போய், அங்கிருந்து இந்த நெடுந்தூரப் பயணம். வரைபடத்திலேயே 18,000-ஐத் தாண்டிவிடும். சிங்கப்பூரில் வேலை இருந்தாலோ, மாறும்போது சாங்கியில் ஒரு நாள் தங்க ஆசை இருந்தாலோ போகலாம். நேரம் மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கு அது வழியல்ல.

கடைசியாகக் கடிகாரம். சிங்கப்பூர் வருடம் முழுக்க ஒரே நேரம், கிரீன்விச்சுக்கு 8 மணி முன்னால். நியூயார்க் மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை 4 மணி பின்னால், மற்ற மாதங்களில் 5 மணி. ஆக வித்தியாசம் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13. கோடையில் கைக்கடிகாரத்தைத் திருத்தவே வேண்டாம், பகல் இரவை மட்டும் மனதில் மாற்றிக்கொண்டால் போதும்.

உதாரணத்துக்குக் கோடையில் திங்கள் பகல் 12:30-க்குச் சாங்கியிலிருந்து கிளம்பி 18 மணி 30 நிமிடம் பயணம் செய்தால், நியூயார்க்கில் அதே திங்கள் மாலை 7 மணி. கடிகாரத்தில் ஆறரை மணி நேரம்தான் நகர்ந்திருக்கும், நடுவில் ஒரு முழு இரவே வந்து போயிருக்கும். கிழக்கே போவதால் சீக்கிரமே இருட்டும், சீக்கிரமே விடியும். அந்தக் குட்டி இரவில் தூங்கிவிட்டால் இறங்கியதும் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளலாம். விழித்திருந்து படமாகப் பார்த்துத் தள்ளினால் அடுத்த நான்கு நாள் அனுபவிக்க வேண்டியதுதான்.

திரும்பும்போது கணக்கு நேர்மாறு. நியூயார்க்கில் திங்கள் இரவு 10:30-க்கு ஏறினால், 18 மணி 40 நிமிடம் கழித்து சிங்கப்பூரில் புதன் அதிகாலை 5:10. ஐரோப்பாவை ஒட்டி விடியும், மத்திய ஆசியாவுக்கு மேலே மறுபடி இருட்டிவிடும். செவ்வாய்க்கிழமை என்பது உங்களுக்கு ஆகாயத்தில் சில மணி நேர வெளிச்சம் மட்டும்தான். ஹோட்டல் போடுபவர்களும், அங்கிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ அடுத்த விமானம் பிடிப்பவர்களும் தேதியை இரண்டு நாள் தள்ளிப் போட வேண்டும். டிக்கெட்டில் வரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ‘+2’ என்று இருக்கும், அதைப் பார்க்காமல் விட்டுவிட்டு செவ்வாய்க்கு ஹோட்டல் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

அழைத்துப் போக யாராவது வருவதாக இருந்தால் டிக்கெட் நேரத்தை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். விமானத்தின் எண்ணைச் சொல்லி, அது கிளம்பி ஏழெட்டு மணி நேரம் ஆன பிறகு நேரலைத் தடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் விமானம் ஜெட் காற்றுக்குள் நுழைந்திருக்கும், இறங்கும் நேரம் ஓரளவு உறுதியாகத் தெரிந்துவிடும். குளிர்காலத்தில் ஜே.எஃப்.கே.வுக்கு அரை மணி நேரம் முந்தி வந்துவிட வாய்ப்புண்டு. அதற்கப்புறம் குடிநுழைவு வரிசை இருக்கிறது. அதற்கு எந்தக் காற்றும் உதவாது; ஒரு மணி நேரம் சேர்த்தே சொல்லுங்கள்.